நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரமா, நீலக்கல்லா?

நீங்கள் எழுதியதை ஒருமுறை சுருக்கிக்கொள்கிறேன். தை மாதம் நிச்சயதார்த்தம். பெண் பல் மருத்துவர், அவருக்கு நீலக்கல் மோதிரம்தான் ஆசை. உங்கள் அம்மாவுக்கு வைரம் போட்டால்தான் மரியாதை. போதாததற்கு, நீலம் சனி பகவானின் கல், நல்ல காரியத்துக்கு அதை எடுக்கலாமா என்ற பயமும் அவருக்கு இருக்கிறது. நண்பர்கள் ஆய்வகத்தில் வளர்த்த லேப் வைரம், வைரம்போலத் தெரியும் மொய்சனைட் என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். கையில் ஒன்றரை லட்சம் ரூபாய். எதை எடுப்பது?

தம்பி, என் பதில் நீலக்கல். இயற்கையான இலங்கை நீலக்கல், ஒரு காரட்டை ஒட்டிய அளவில், விரலோடு தாழ்வாகப் பதித்தது. இதை மேம்போக்காகச் சொல்லவில்லை. நான் வளர்ந்தது திருச்சிப் பக்கம். அப்பா வீட்டிலேயே செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டினார். குச்சி முனையில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, சுழலும் தட்டில் ஒரு நொடி தொட்டு எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மறுபடி தொடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தீட்டிய கற்களை எண்ணிக் காகிதப் பொட்டலம் கட்டுவது என் வேலை. அப்புறம் ரத்தினவியல் படித்தேன். இருபது வருடமாகக் கோவையில் கல் பரிசோதிக்கும் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வாங்கும்போது சந்தோஷமாக இருந்தவர்கள் அஞ்சு வருடம் கழித்து எந்தக் கல்லோடு வருத்தமாக வருகிறார்கள் என்று நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். மோதிரம் கையில் இருக்கிற நகை. தோடு காதில் பத்திரமாகத் தொங்கும், அட்டிகை விசேஷத்துக்கு மட்டும் வெளியே வரும். மோதிரமோ கதவுப் பிடியில் இடிக்கும், பைக் சாவியோடு உரசும், பாத்திரம் கழுவும், தலைக்கு எண்ணெய் வைக்கும். நாம் தினமும் துடைக்கிற தூசியிலேயே பொடி மணல் இருக்கிறது. மணல் என்பது குவார்ட்ஸ். 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 7. அதைவிட மெதுவான கல் எதுவாக இருந்தாலும், வெறும் தூசியைத் துடைக்கும்போதே அதன் மேல் கீறல் விழும். முத்துக்கும் பவளத்துக்கும் கடினத்தன்மை 5-ஐக்கூடத் தொடாது. ஓபல் 6 பக்கம். டான்சனைட்டும் 7-க்குள்தான். எல்லாமே அழகான கற்கள்தான், ஆனால் முப்பது வருடம் கழற்றாமல் போடும் மோதிரத்துக்கு இவை வேண்டாம். செவ்வந்திக்கல்லுக்குச் சரியாக 7. அதுவும் சில வருடத்தில் பட்டைகளின் ஓரம் தேய்ந்து மங்கிவிடும்.

மீதி இருப்பவை கொஞ்சம்தான். வைரம் 10, மொய்சனைட் 9-க்குச் சற்று மேல். மாணிக்கமும் நீலமும் 9. இரண்டும் கொரண்டம் என்ற ஒரே கனிமத்தின் இரண்டு நிறங்கள்: குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். அப்புறம் அலெக்சாண்ட்ரைட் எட்டரை, ஸ்பினெல் 8.

மரகதத்தை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். அளவுகோலில் அதற்கு ஏழரைக்கு மேல்தான். ஆனால் உள்ளே விரிசல் இல்லாத மரகதம் மிக அபூர்வம். அந்த விரிசல்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க எண்ணெயில் ஊறவைப்பது காலங்காலமாக நடப்பது, தொழிலில் ஒப்புக்கொண்ட வழக்கமும்கூட. ஒருமுறை ஒரு பெண்மணி மரகத மோதிரம் ஒன்றை அழுதுகொண்டே கொண்டுவந்தார். கல்யாணத்துக்கு முன்னால் பளிச்சென்று இருக்கட்டும் என்று ஒரு கடையில் சுத்தம் செய்யக் கொடுத்திருக்கிறார். அங்கே ஒலி அதிர்வால் அழுக்கை எடுக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு எடுத்திருக்கிறார்கள். எண்ணெய் வெளியேறிவிட்டது. மழை காணாத குளத்தின் தரை மாதிரி கல் முழுக்க வெள்ளைக் கோடுகள். கல்லை மாற்றிவிட்டார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். கல் அதேதான். மறுபடி எண்ணெய் ஏற்றி ஓரளவு சரிசெய்தோம், ஆனாலும் முன்பிருந்த பசுமை வரவில்லை. நாள் முழுக்கக் கையில் சானிடைசர் தேய்க்கும் ஒரு மருத்துவருக்கு நான் மரகதத்தைச் சொல்லவே மாட்டேன். வைரத்தையும் நீலத்தையும் சானிடைசர் ஒன்றும் செய்யாது.

சரி, கடினம்தான் கணக்கு என்றால் வைரத்தையே எடுக்கலாமே என்று தோன்றும். மோஸ் அளவில் 9-க்கும் 10-க்கும் நடுவே ஒரே ஒரு படிதான் தெரியும். உண்மையில் அந்த இடைவெளி, 1 முதல் 9 வரை உள்ள தூரத்தைவிடப் பெரியது. வைரத்தை வைரம்தான் கீறும். ஆனால் கீறல் விழாமல் இருப்பது வேறு, உடையாமல் இருப்பது வேறு. விறகு இழையோடு பிளப்பதுபோல, வைரத்துக்கும் பிளக்கும் திசைகள் நான்கு உண்டு. அந்தத் திசையில், மெல்லிய ஓரத்தில், கிரானைட் மேடையில் ஒரு இடி விழுந்தால் சில்லு தெறிக்கும். நீலத்துக்கு அப்படிச் சுலபமாகப் பிளக்கும் திசை கிடையாது. ஓரம் உடைந்த வைரங்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, வைரம் எப்படி உடையும் என்பதுதான்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. வைரத்துக்கு எண்ணெய்ப் பசை ரொம்பப் பிடிக்கும். தண்ணீர் அதன் மேல் ஒட்டாது, கிரீஸ் ஒட்டும். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் இந்தக் குணத்தை வைத்தே வைரத்தைப் பிரித்தார்கள். கிரீஸ் தடவிய சாய்ந்த மேசையில் அரைத்த பாறையையும் தண்ணீரையும் ஓடவிட்டால், மற்ற கற்கள் தண்ணீரோடு போய்விடும், வைரம் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். நம் வீட்டுக் கையில் என்ன இருக்கும்? தேங்காய் எண்ணெய், தோசை மாவு, முகத்துக்குப் போடும் கிரீம். ஒரு வாரத்தில் வைரத்தின் அடிப்பக்கம் முழுக்கப் பசை படிந்து, ஒளி திரும்பி வராமல் கல் சோர்ந்துபோகும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய மெல்லிய பல்துலக்கியும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும், ஆனால் வாரம் தவறாமல் செய்ய வேண்டும். நிறக்கல்லிலும் அழுக்குப் படியும்தான். ஆனால் அதன் அழகு பாதிக்குமேல் நிறத்தில் இருக்கிறது. வைரத்துக்கு ஒளி போனால் எல்லாம் போயிற்று.

இதனால்தான் வைரத்துக்கு ஏற்ற இடம் காது, விரல் இல்லை என்று நான் நினைக்கிறேன். நம் பாட்டிகள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். தமிழ்நாட்டில் வைரம் என்றாலே ஏழு கல் தோடு, பேசரி, மூக்குத்தி. தலை அசையும்போதெல்லாம் காதில் ஒளி தெறிக்கும், இடிபடாது, பசையும் குறைவு. அந்தக் காலத்து வீடுகளில் ‘புளூ ஜாகர்’ என்று ஒரு சொல்லைக் கேட்டிருப்பீர்கள். அது ஏதோ கம்பெனிப் பெயர் இல்லை. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்துப் பெயர்தான் நம் வாயில் ஜாகர் ஆயிற்று. அங்கிருந்து வந்த நல்ல வெள்ளைக் கற்களில் பகல் வெளிச்சம் பட்டால் மெல்லிய நீலச் சாயல் தெரியும். வெயிலில் உள்ள புற ஊதா ஒளிக்கு அந்தக் கல் நீலமாக ஒளிர்வதுதான் காரணம். சுரங்கத்தை 1971-இல் மூடிவிட்டார்கள், பெயர் மட்டும் நம் வீடுகளில் தங்கிவிட்டது. இதே நீல ஒளிர்வுக்கு நம் பாட்டிகள் கூடுதல் பணம் கொடுத்தார்கள். இன்றைய சர்வதேசச் சந்தையில், உயர்ந்த நிறத்தரக் கல்லில் அது இருந்தால் விலையைக் குறைக்கிறார்கள். பின்னால் ஒரு சமயம் பெண்ணுக்கு வைரத் தோடு வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். எச் அல்லது ஐ நிறத்தில் (வைரத்தின் நிறத்தரம் டி என்ற நிறமற்ற கல்லில் தொடங்கி, எழுத்து போகப்போக மஞ்சள் கூடும்), மிதமான நீல ஒளிர்வு உள்ள கல், பகலில் இன்னும் வெளுப்பாகத் தெரியும், விலையும் கொஞ்சம் இறங்கும்.

அம்மாவிடம் இந்தத் தோட்டு விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள். வைரம் வேண்டாம் என்று சொல்வதாக அவர் நினைக்கக் கூடாது. நம் வழக்கத்தில் நிச்சயம் என்றால் தாம்பூலம் மாற்றுவதுதான். இந்து வீடுகளில் மோதிரம் மாற்றுவது பிற்பாடு சேர்ந்தது. ஐரோப்பாவிலேயே 1477-இல் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன் பர்கண்டி மேரிக்குக் கொடுத்த வைர மோதிரத்தைப் பெரிதாகப் பேசுவார்கள் என்றாலும், சாதாரணக் குடும்பங்களுக்கு வைரம்தான் நிச்சய மோதிரம் என்று ஆனது இருபதாம் நூற்றாண்டில். டி பியர்ஸ் என்ற வைரக் கம்பெனிக்காக ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த பிரான்சிஸ் ஜெரட்டி 1947-இல் எழுதிய ஒரே வரி, வைரம் என்றென்றைக்கும் என்பது, அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஆக, மோதிரத்தில் வைரம் இல்லை என்றால் நம் மரபில் எதுவும் மீறவில்லை. தோட்டில் இருந்தால் மரபு நிறைவாகவே இருக்கிறது.

இப்போது லேப் வைரம். இதைப் போலி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது வைரமேதான். அதே கார்பன், அதே படிகக் கட்டமைப்பு, அதே ஒளி. அதிக அழுத்தமும் வெப்பமும் கொடுத்தோ, சி.வி.டி. என்ற முறையில் வாயுவிலிருந்து படியவைத்தோ வளர்க்கிறார்கள். என் 10 மடங்கு லென்ஸில் வித்தியாசம் தெரியாது, அதற்கென்று உள்ள கருவிகளில்தான் தெரியும். சூரத்தில் பெரிய அளவில் நடக்கிறது. 2023 மத்திய பட்ஜெட்டில் இதற்கான ஆராய்ச்சியை அறிவித்து, ஐந்து ஆண்டுகளுக்கு சுமார் 243 கோடி ரூபாயைச் சென்னை ஐ.ஐ.டி.க்குத்தான் ஒதுக்கினார்கள். ஆகவே தரத்தைப் பற்றி எனக்குத் தயக்கம் இல்லை. விலை போகும் திசைதான் தயக்கம். 2018-இல் டி பியர்ஸ் நிறுவனமே லைட்பாக்ஸ் என்ற பெயரில் காரட் 800 டாலர் என்று லேப் வைர நகை விற்க வந்தது. அன்று அது அதிர்ச்சியான குறைந்த விலை. பிறகு சந்தை விலை அதையும் தாண்டி இறங்கியது. 2025-இல் லைட்பாக்ஸை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். இயந்திரம் கூடக்கூட விலை குறையும் பொருள் அது. பளபளப்பு வேண்டும், பெரிதாக வேண்டும், திருப்பி விற்கும் எண்ணமே இல்லை என்றால் தாராளமாக எடுக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இன்று கொடுக்கும் பணம் கல்லில் நிற்கும் என்று எண்ணி எடுக்காதீர்கள். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றால், எந்த விலைக்கு, பணமாகவா நகையாகவா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

மொய்சனைட் வைரமில்லை, சிலிக்கான் கார்பைடு. ஹென்றி முவாசான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1893-இல் அரிசோனாவில் விண்கல் விழுந்த பள்ளத்தின் மாதிரிகளில் கண்டார். இயற்கையில் கிடைப்பது அரிது, கடையில் உள்ளது எல்லாமே ஆலையில் செய்தது. வைரத்தைவிட இரு மடங்குக்கு மேல் வண்ணம் சிதறும். மேடை விளக்கின் கீழே வானவில்லாக மின்னும். சிலருக்கு அது ரொம்பப் பிடிக்கும், எனக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு எச்சரிக்கை மட்டும். வெப்பத்தை வைத்துச் சோதிக்கும் சாதாரண வைரப் பேனா, மொய்சனைட்டையும் வைரம் என்றே காட்டும். பேனா கத்தியதை மட்டும் நம்பி வைர விலை கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். லென்ஸில் சாய்வாகப் பார்த்தால் பின்பக்கப் பட்டைகளின் கோடுகள் இரட்டையாகத் தெரியும். வைரத்தில் ஒற்றையாகத்தான் இருக்கும்.

இனி நீலத்துக்கு வருகிறேன். நான் அதிகம் சொல்ல நினைத்தது இதைப் பற்றித்தான்.

டயானாவின் நிச்சய மோதிரம் 1981-இல் தேர்ந்தெடுத்தது. நடுவில் 12 காரட் இலங்கை நீலக்கல், சுற்றிலும் சின்ன வைரங்கள். 2010 முதல் அது மருமகள் கேத்தரின் விரலில் இருக்கிறது. இரண்டு பெண்கள் கை மாறியும் கல் அப்படியே நிற்கிறது, அதுதான் எனக்கு முக்கியம். இலங்கையின் இரத்தினபுரிப் பக்கத்துக் கற்கள் பொதுவாக வெளிச்சமான, திறந்த நீலம். சில நாட்டு நீலங்கள் மாலையானால் மசிக் கருப்பாகிவிடும். இலங்கைக் கல் மண்டபத்து விளக்கிலும் நீலமாகவே நிற்கும். நிச்சயதார்த்தம் பெரும்பாலும் சாயங்காலம் விளக்கின் கீழே நடக்கிறது என்பதையும் யோசியுங்கள்.

நீலக்கல் வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இயற்கையா, செயற்கையா என்பது. 1902-இல் வெர்னுயி என்ற பிரெஞ்சு வேதியியலாளர் மாணிக்கத்தைச் செயற்கையாக உருக்கிச் செய்யும் முறையை வெளியிட்டார். சில ஆண்டுகளில் நீலமும் வந்தது. அப்பா தீட்டியதெல்லாம் இந்த வகைதான். நூறு வருடப் பழைய தொழில்நுட்பம் என்பதால், பாட்டி காலத்து மோதிரம் என்பதே இயற்கைக் கல்லுக்குச் சான்றாகாது. வித்தியாசத்தை எனக்கு முதலில் காட்டியது அப்பாதான். லென்ஸைக் கையில் கொடுத்து, கல்லைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு, வெள்ளைக் காகிதத்துக்கு மேல் வைத்துப் பார்க்கச் சொன்னார். பழைய கிராமபோன் தட்டின் கோடுகள்போல உள்ளே மெல்லிய வளைவுகள் தெரிந்தன. துளித்துளியாக உருகி அடுக்கடுக்காகப் படிந்த தடம் அது. “பூமியில விளைஞ்சதுல கோடு நேரா ஓடும், மூலை திரும்பும், வளையாது” என்றார். இன்றும் ஒவ்வொரு நீலக்கல்லிலும் நான் முதலில் தேடுவது அந்த வளைவைத்தான். இயற்கைக் கல்லில் அதற்குப் பதில் பட்டு நூல் அறுத்துப் போட்டதுபோல மெல்லிய ஊசிகள், மூன்று திசைகளில், 60 டிகிரிக் கோணத்தில் ஒன்றையொன்று வெட்டிக் கிடக்கும். தொழிலில் அதை சில்க் என்றே சொல்வார்கள்.

இரண்டாவது கேள்வி, சூடேற்றியதா என்பது. சந்தையில் உள்ள நீலக்கற்களில் பெரும்பாலானவை 1,500 டிகிரிக்கு மேல் சூடேற்றியவை. இலங்கையில் மதிப்பில்லை என்று ஒதுக்கிய பால்வெள்ளைக் கற்களை, கியூடா என்பார்கள், 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் வாங்கிப்போய்ச் சூளையில் வைத்து நல்ல நீலமாக்கினார்கள். அந்த நிறம் மங்காது. இது ஒப்புக்கொண்ட முறை, சொல்லி விற்றால் தப்பில்லை. சூடேற்றாத கல்லுக்குப் பல மடங்கு விலை கேட்பார்கள். உங்கள் பட்ஜெட்டில் அதைத் துரத்த வேண்டாம். சூடேற்றிய நல்ல கல், சூடேற்றாத மங்கல் கல்லைவிட விரலில் அழகாக இருக்கும். ஆனால் பெரிலியம் முதலிய வேதிப்பொருளைச் சேர்த்துச் சூடேற்றி நிறத்தை உள்ளே செலுத்தியது, விரிசலில் ஈயக் கண்ணாடி நிரப்பியது, இரண்டையும் தொடாதீர்கள். கண்ணாடி நிரப்பிய கல்லில் பொற்கொல்லர் ஊதுகுழல் வெப்பமோ அமிலமோ பட்டாலே அந்தக் கண்ணாடி கெட்டுப்போகும். மாணிக்கத்தில் இந்த மோசம் அதிகம். மலிவாக, பெரிதாக, சிவப்பாக ஒரு மாணிக்கம் கிடைக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

மூன்றாவதாக வெட்டு. கல்லை ஒரு செய்தித்தாள் எழுத்துக்கு மேலே முகம் மேலாகப் பிடியுங்கள். நடுவில் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் அந்தக் கல்லை எடை காப்பாற்றுவதற்காக மட்டையாக வெட்டியிருக்கிறார்கள். அங்கே நிறமும் இருக்காது, ஒளியும் இருக்காது. அப்புறம் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். இலங்கைக் கற்கள் பலவற்றில் நீலம் முழுக்கப் பரவியிருக்காது, அடி முனையில் ஒரு துளி மைபோலக் குவிந்திருக்கும், மீதி கண்ணாடிபோல இருக்கும். கைதேர்ந்த வெட்டுக்காரர் அந்தத் துளியை அடியில் வைத்து வெட்டினால், மேலிருந்து பார்க்கும்போது முழுக் கல்லும் நீலமாகத் தெரியும். அது குறையில்லை, வேலைத்திறன். ஆனால் அந்தத் துளி நடுவில் இல்லாமல் ஓரத்துக்குப் போயிருந்தால், ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் வெளுப்புமாகத் தெரியும். அதை விட்டுவிடுங்கள்.

எடையில் ஒரு சின்னக் கணக்கும் உண்டு. ஒரு காரட் என்றால் 0.2 கிராம். நீலம் வைரத்தைவிடக் கனம். ஒரு காரட் வட்ட வைரம் ஆறரை மில்லிமீட்டர் அகலம் என்றால், ஒரு காரட் வட்ட நீலம் ஆறு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆகவே இரண்டையும் காரட்டில் ஒப்பிடாதீர்கள், மில்லிமீட்டரைக் கேளுங்கள். ஒன்றரை லட்சத்தில் தங்கம், கூலி, 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் போக, நல்ல இயற்கை வைரம் என்றால் அரை காரட் பக்கம்தான் நிற்கும். சூடேற்றிய நல்ல நீலம் என்றால் ஒரு காரட்டைத் தாண்டலாம்.

அம்மாவின் பயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். நீலம் ஒத்துக்கொண்டால் தூக்கிவிடும், ஒத்துக்கொள்ளாவிட்டால் இறக்கிவிடும் என்பது தலைமுறைகளாகச் சொல்லி வந்தது. எத்தனையோ பேர் மூன்று நாள் நீலத் துணியில் முடிந்து தலையணைக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனால் நிச்சயத்தன்று அம்மா மனசுக்குள் கலங்கிக்கொண்டு மோதிரத் தட்டைத் தூக்குவதும் நன்றாக இருக்காது. உங்கள் குடும்ப ஜோசியரிடமே இரண்டு பேர் ஜாதகத்தையும் காட்டிக் கேட்டுவிடுங்கள். ரிஷபம், துலாம் லக்னக்காரர்களுக்குச் சனி யோககாரகன் என்று அவர்களே சொல்வார்கள், நீலம் போடச் சொல்வதும் உண்டு. அவர் சரி என்றுவிட்டால் அம்மாவுக்கும் நிம்மதி.

வேண்டாம் என்றுவிட்டால் இரண்டு வழி இருக்கிறது. நீல நிறம்தான் பெண்ணுக்கு முக்கியம் என்றால், நீல ஸ்பினெல் பாருங்கள். நவரத்தினப் பட்டியலில் இல்லாத கல், அதனால் சனி என்ற பேச்சு வராது. கடினத்தன்மை 8, பிளக்கும் தொல்லை இல்லை, இலங்கையிலேயே கிடைக்கிறது, பெரும்பாலும் சூடேற்றாமலே வரும். இங்கிலாந்து அரச கிரீடத்தின் முன்பக்கத்தில் கருப்பு இளவரசரின் மாணிக்கம் என்று பெயர் பெற்ற பெரிய சிவப்புக் கல் இருக்கிறதே, அதுவே ஸ்பினெல்தான். பல நூற்றாண்டுகளாக மாணிக்கம் என்று நம்பியிருந்தார்கள். இன்னொரு வழி கனகபுஷ்பராகம். அதுவும் நீலத்தின் உடன்பிறப்புதான், மஞ்சள் நிறக் கொரண்டம், அதே 9. குருவின் கல் என்பதால் கல்யாண காரியத்துக்கு எந்த வீட்டிலும் மறுப்பு வராது. ஆனால் கடையில் புஷ்பராகம் என்ற பெயரில் டோபாஸையும் கொடுப்பார்கள், அது வேறு கல், விலையும் வேறு. சான்றிதழில் சஃபையர் என்றோ கொரண்டம் என்றோ எழுதியிருக்கிறதா பாருங்கள். பெண்ணைக் கேட்காமல் மட்டும் மஞ்சளுக்கு மாறிவிடாதீர்கள், அவர் ஆசைப்பட்டது நீலம்.

கல்லுக்கு இவ்வளவு யோசிப்பவர்கள் பதிப்பதைக் கடைக்காரர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். உண்மையில் கல் தொலைவது கல்லின் குற்றத்தால் இல்லை, கொக்கி தேய்ந்துதான். பல் மருத்துவர் என்றால் நாள் முழுக்கக் கையுறை. உயரமாக நாலு கொக்கியில் தூக்கிப் பதித்த கல், கையுறையைக் கிழிக்கும், தலைமுடியில் மாட்டும். கல்லைச் சுற்றி முழு வட்டமாகத் தங்க விளிம்பு கட்டும் முறை இருக்கிறது, பெசல் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். விளிம்பு கல்லின் ஓரத்தையும் காக்கும், விரலோடு தாழ்ந்தும் இருக்கும். சிகிச்சை நேரத்தில் மோதிரத்தைக் கழற்றித்தான் வைப்பார் என்றாலும் இதுவே நல்லது, அவசரமாகப் போட்டுக் கழற்றும்போது எதிலும் சிக்காது. அடிப்பக்கம் மூடாமல் திறந்திருக்கட்டும். மூடிப் பதித்தால் உள்ளே தண்ணீர் போய் அழுக்கு அடையும், கல்லின் பின்னால் நிறத்தாள் வைத்திருந்தாலும் நமக்குத் தெரியாது. கல் பதிக்க 22 கேரட் தங்கம் மெதுவானது, 18 கேரட் எடுங்கள், 750 என்று முத்திரை இருக்கும். அம்மாவுக்காக மோதிரத்தின் தோள்பட்டையில், கல்லுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன வைரம் வைக்கலாம். நீலமும் அதனால் எடுப்பாகத் தெரியும்.

பில் விஷயத்தில் நான் சூடுபட்டவன். என் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கல் மோதிரத்தைச் சில வருடம் கழித்து மாற்றப் போனோம். வாங்கும்போது கல்லையும் சேர்த்து எடைபோட்டு முழுவதற்கும் தங்க விலை வாங்கியிருக்கிறார்கள். திருப்பிக் கொடுக்கும்போது கல் எடையைக் கழித்துவிட்டார்கள். பில்லில் மொத்த எடை மட்டும்தான் இருந்தது, வாயடைத்துத் திரும்பினோம். நீங்கள் மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கல்லின் விலையும் தனி வரியில் வர வேண்டும். பி.ஐ.எஸ். ஹால்மார்க்கும் ஆறு எழுத்து எண்ணும் தங்கத்தின் சுத்தத்துக்கு மட்டும்தான், கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கல்லுக்குத் தனியாக, கடையோடு சம்பந்தமில்லாத ஆய்வகச் சான்றிதழ் வேண்டும். அதில் இயற்கை என்ற சொல்லும், சூடேற்றியதா என்ற விவரமும் இருக்க வேண்டும். பதிப்பதற்கு முன் உதிரிக் கல்லாக இருக்கும்போதே பரிசோதனைக்குக் கொடுங்கள். பதித்த பிறகு எங்களாலும் பாதிதான் பார்க்க முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டில் வைரம்தான் என்று முடிவானால், கடைக்காரர் சொல்லும் இ-எஃப் நிறம், வி.வி.எஸ். தெளிவு என்ற தரத்துக்கு மயங்க வேண்டாம். மஞ்சள் தங்கத்தில் பதித்தால் எச் நிறத்துக்கும் எஃப் நிறத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அதற்கு அடுத்த வி.எஸ். தெளிவுத் தரத்தில் உள்ள புள்ளியும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பணத்தை வெட்டுத் தரத்தில் போடுங்கள், ஒளி அங்கேதான் இருக்கிறது. சரியாக அரை காரட் என்று நிற்காமல் 45, 46 சென்ட் (நூறு சென்ட் ஒரு காரட்) எடுத்தால் விலை ஒரு படி இறங்கும், அகலத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஜி.ஐ.ஏ. அல்லது ஐ.ஜி.ஐ. ஆய்வகச் சான்றிதழ் எண்ணை லேசரில் கல்லின் இடுப்பில், அதாவது சுற்று விளிம்பில் பொறித்திருந்தால், லென்ஸில் நீங்களே படித்துச் சரிபாருங்கள்.

பெண்ணுக்குத் தெரியாமல் வாங்கி ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம், கூட்டிக்கொண்டே போங்கள். நீலத்தில் மயில் கழுத்து, காக்கட்டான் பூ, மழைக்கு முந்திய வானம் என்று எத்தனையோ சாயல், அவர் மனசில் இருப்பது எது என்று யாருக்கும் தெரியாது. காலை பத்து, பதினொரு மணிக்குப் போனால் நல்லது. கடை விளக்குகள் கல்லை அழகாக்கவே போட்டவை, அதனால் பிடித்த இரண்டு மூன்று கற்களை வாசலுக்குக் கொண்டுவந்து, வெயில் நேராக விழாத நிழலில் பார்க்கக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார், ஒரு பையனைக் கூட அனுப்புவார். மோதிரமாகும் முன் வியாபாரிகள் பார்ப்பதுபோல, இடது கையில் இரண்டு விரல்களுக்கு நடுவே கல்லைச் செருகி, கையை நீட்டி அவர் பார்க்கட்டும். தோல் நிறத்துக்குப் பக்கத்தில் வந்ததும் தட்டில் சாதாரணமாகக் கிடந்த கல் ஒன்று சட்டென்று எழும், தட்டில் ஜொலித்தது ஒன்று அடங்கிவிடும். விரல் அளவை அன்றைக்கே காலையில் எடுக்காதீர்கள். ஏசி அறையில் விரல் சுருங்கியிருக்கும். வேலை முடிந்து சாயங்காலம் எடுத்த அளவைக் கொடுங்கள்.